70% எத்தனால் (ஆல்கஹால்) கரைசலில்தான் தண்ணீர் கலந்திருக்கிறதே, அதுவும் தீப்பிடிக்குமா?

தாராளமாகப் பிடிக்கும். எரிவது திரவமல்ல, மேலே எழும் ஆவி. தூய எத்தனால் சுமார் 13 டிகிரி செல்சியஸிலேயே பற்றுமளவு ஆவி விடும். 30% தண்ணீர் சேர்த்தாலும் அந்த வெப்பநிலை 17 டிகிரி வாக்கில்தான் நிற்கிறது. அறை வெப்பமே போதும். ஆவி காற்றைவிடக் கனம். மேசையோடு தவழ்ந்து எட்ட இருக்கும் பர்னரைத் தொட்டுவிடும்.

ஆய்வகத்தில் நான் அதிகம் பார்த்த தவறு: கிருமி நீக்கக் கண்ணாடிக் கம்பியை எத்தனாலில் முக்கி, சுடரில் காட்டி, ஆறுமுன் மறுபடி அதே பீக்கரில் விடுவது. குபீரென்று பற்றும். வெளிர்நீலச் சுடர் வெளிச்சத்தில் கண்ணுக்கே சரியாகத் தெரியாது (கையை நீட்டிச் சுட்டுக்கொள்வது இதனால்தான்). பதறித் தூக்காதீர்கள், சிந்தினால் தீயும் கூடவே ஓடும். கண்ணாடித் தட்டால் மூடுங்கள், அணைந்துவிடும். பிளாஸ்டிக் பீக்கர் வேண்டவே வேண்டாம். சாதாரண ஃபிரிட்ஜிலும் வைக்காதீர்கள். உள்ளே சுவிட்சுப் பொறி ஒன்று போதும்.