ஹெண்டனின் பழைய போர் விமானங்கள்: கேட்டவர்களுக்குப் பதில்

லண்டன் ஹெண்டனில் இருக்கும் ராயல் ஏர் ஃபோர்ஸ் அருங்காட்சியகம் பற்றி நிறையக் கேள்விகள் வந்திருக்கின்றன, அதிலும் முதல் உலகப் போர் விமானங்களுக்காக 2014இல் திறந்த பகுதியைப் பற்றித்தான் அதிகம். ஒரே மாதிரிக் கேள்விகளைச் சேர்த்துவிட்டேன். ஜெட் விமானம் பற்றிக் கேட்டவர்கள் மன்னிக்கவும், அது என் பக்கம் இல்லை.

கேள்வி: அருங்காட்சியகத்தைத் திறக்க ஹெண்டனை ஏன் தேர்ந்தெடுத்தார்கள்? அது இப்போது வெறும் குடியிருப்புப் பகுதிதானே?

இப்போது குடியிருப்பு, அப்போது விமானத் திடல். கிளாட் கிரஹாம்-வைட் என்ற விமானி பறக்கும் பள்ளியும் தொழிற்சாலையும் நடத்திய இடம் அது. 1911 செப்டம்பரில் பிரிட்டனின் முதல் விமானத் தபால் அங்கிருந்துதான் வின்ட்சருக்குப் போனது. (நம் ஊர்க்காரர்கள் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளலாம்: அதே ஆண்டு பிப்ரவரியிலேயே அலகாபாத்திலிருந்து நைனிக்கு விமானத்தில் தபால் போய்விட்டது.) போருக்குப் பிறகு 1920 முதல் 1937 வரை விமானப்படையின் வருடாந்தரச் சாகசக் காட்சியும் அங்கேதான், லண்டனே திரண்டு வரும். அப்புறம் சுற்றிலும் வீடுகள் நெருக்கிவிட்டன, திடலை மூடினார்கள். 1972 நவம்பர் 15 அன்று அரசி எலிசபெத் அருங்காட்சியகத்தைத் திறந்துவைத்தபோது உள்ளே இருந்தவை 36 விமானங்கள்தான், அதுவும் முதல் போர்க் காலத்து மரக்கூரை ஹேங்கர்களை இணைத்து உண்டாக்கிய கட்டடத்தில். 2014 பகுதி இருப்பது கிரஹாம்-வைட்டின் பழைய தொழிற்சாலைக் கட்டடத்தில். கொஞ்சம் தள்ளி இருந்ததைப் பிரித்து எடுத்துவந்து மறுபடி கட்டினார்கள். விமானத்துக்காக இவ்வளவு மெனக்கெடுவார்கள், கட்டடத்துக்காக மெனக்கெடுவது அபூர்வம்.

ஒரு வயிற்றெரிச்சலையும் சொல்லிவிடுகிறேன். ஹெண்டனில் கடைசியாக வந்து இறங்கிய விமானம் 1968இல் அருங்காட்சியகத்துக்கென்றே பறந்து வந்த ஒரு பெவர்லி சரக்கு விமானம். ரொம்பப் பெரியது, கூரைக்குள் வைக்க முடியவில்லை, வெளியே நின்று மழையில் வீணானது, கடைசியில் உடைத்துப் பழைய இரும்பாக்கிவிட்டார்கள்.

கேள்வி: அங்கே நிற்பதெல்லாம் அசலா? பாதி டூப்ளிகேட் என்று நண்பர் சொல்கிறார்.

நண்பர் சொல்வதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. சோப்வித் ட்ரிப்ளேன் என்ற மூவிறக்கை விமானம் அசல், உலகத்தில் மிஞ்சியிருக்கும் இரண்டே இரண்டில் ஒன்று, மற்றது ரஷ்யாவில் மோனினோவில் இருக்கிறது. எஸ்.இ.5ஏ என்ற பிரிட்டிஷ் போர் விமானமும் அசல். ஆனால் சோப்வித் ஸ்னைப், அல்பட்ராஸ் டி.5ஏ இரண்டும் நியூசிலாந்தில் பழைய வரைபடங்களைப் பார்த்துப் புதிதாகக் கட்டியவை, விக்கர்ஸ் கன்பஸ்ஸும் பின்னாளில் கட்டியதுதான். பலகையில் அப்படியே எழுதியிருக்கிறார்கள், அதுவரைக்கும் எனக்கு ஆட்சேபணை இல்லை. அசல் என்று சொல்லப்படும் விமானத்திலும் துணி நிச்சயம் மாற்றியிருப்பார்கள், சில கட்டைகளும் மாறியிருக்கும். அதனால் நான் முதலில் பார்ப்பது எஞ்சினை, பெயின்ட்டை இல்லை.

எஸ்.இ.5ஏ தப்பித்த கதை சுவாரசியம். போர் முடிந்ததும் இப்படிப்பட்ட ஆயிரக்கணக்கான விமானங்களைக் கொளுத்தினார்கள், விற்றார்கள். ஜாக் சாவேஜ் என்பவர் சிலவற்றை வாங்கி, புகையால் வானத்தில் விளம்பரம் எழுத வைத்தார். இன்று பிரிட்டனில் உள்ள அசல் எஸ்.இ.5ஏ மூன்றும் அவரிடம் இருந்தவை. விளம்பரக்காரர்களைத் திட்டுகிறவர்கள் இதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளவும்.

கேள்வி: வெறும் மரமும் துணியும் எப்படிப் போரைத் தாங்கியது? கூடம் ஏன் அவ்வளவு மங்கலாக இருக்கிறது?

ஸ்புரூஸ், ஆஷ் மரச் சட்டம், அதை விறைப்பாக இழுத்துப் பிடிக்கக் குறுக்கும் நெடுக்கும் எஃகுக் கம்பி, மேலே ஐரிஷ் லினன் துணி. துணியின் மேல் டோப் என்கிற செல்லுலோஸ் பூச்சைப் பூசினால் அது சுருங்கி மத்தளத் தோல் மாதிரி இறுகிவிடும். குண்டு துணியில் பட்டால் ஓட்டைதான் விழும், இறக்கை விழாது. பயமெல்லாம் தீதான், ஏனென்றால் டோப் நன்றாகப் பற்றி எரியும், பெட்ரோல் டாங்க் விமானிக்குப் பக்கத்திலேயே இருக்கும், பிரிட்டிஷ் விமானிகளுக்குப் பாராசூட்டும் கிடையாது. ஜெர்மானியர்களுக்கு 1918இல் கிடைக்கத் தொடங்கியது. மங்கலான வெளிச்சம் துணிக்காகத்தான், ஒளி பட்டால் அது மக்கிப்போகும்.

கேள்வி: விமானிகள் விளக்கெண்ணெய் குடித்தார்கள் என்பது நிஜமா?

குடிக்கவில்லை, முகத்தில் வாங்கிக்கொண்டார்கள்! ரோட்டரி எஞ்சினில் கிராங்க் ஷாஃப்ட் அசையாது, சிலிண்டர்கள் மொத்தமும் புரொப்பெல்லரோடு சேர்ந்து சுற்றும். பெட்ரோல், காற்று, எண்ணெய் எல்லாம் ஒரே வழியாகத்தான் உள்ளே போகும், சாதாரண மினரல் ஆயில் போட்டால் பெட்ரோல் அதைக் கரைத்துவிடும், விளக்கெண்ணெய் அவ்வளவாகக் கரையாது. ஒருமுறை உள்ளே போன எண்ணெய் திரும்பச் சேராது, எரிந்ததும் எரியாததுமாகப் பின்னால் உட்கார்ந்திருக்கும் விமானியின் மேல் தெளிக்கும். மணிக்கணக்கில் அதைச் சுவாசித்தால் வயிறு என்ன ஆகும் என்று நம் பாட்டிமார்களைக் கேட்டாலே தெரியும்.

கேள்வி: சோப்வித் கேமல் எதிரியைவிடத் தன் விமானியைத்தான் அதிகம் கொன்றது என்கிறார்களே?

கேமல் அந்தப் போரின் பிரிட்டிஷ் சண்டை விமானம். அது மிகைதான், ஆனால் ரொம்ப மிகையும் இல்லை. சண்டையில் இறந்த கேமல் விமானிகள் 413, சண்டை அல்லாத காரணங்களால் இறந்தவர்கள் 385 என்று கணக்கு. காரணம் மேலே சொன்ன அதே எஞ்சின். அவ்வளவு எடை மூக்கில் சுழலும்போது வலப்பக்கம் திருப்பினால் மூக்கு கீழே இழுக்கும், இடப்பக்கம் திருப்பினால் மேலே தூக்கும். எஞ்சின், துப்பாக்கி, விமானி, பெட்ரோல் எல்லாம் முன்பக்கத்தில் சில அடிக்குள் நெருக்கி வைத்திருந்ததால் திரும்புவதும் வெடுக்கென்று திரும்பும். பழகியவன் கையில் அது வரம், புதுப் பையன் தரையை ஒட்டித் திருப்பினால் அவ்வளவுதான்.

கேள்வி: இவற்றை ஓட்டியவர்களில் இந்தியர் யாராவது உண்டா?

உண்டு. ஹர்தித் சிங் மாலிக் கேமல் ஓட்டினார், தலைப்பாகைக்கு மேல் போட்டுக்கொள்ளப் பெரிய ஹெல்மெட் தனியாகச் செய்து வாங்கினார். 1917 அக்டோபரில் காலில் குண்டு வாங்கி, சல்லடையான விமானத்தோடு தரை இறங்கிப் பிழைத்தார், பிற்பாடு சுதந்திர இந்தியாவின் தூதராக பிரான்சுக்கே போனார். கல்கத்தாவில் பிறந்த இந்திர லால் ராய் ஓட்டியது எஸ்.இ.5ஏ. 1918 ஜூலையில் இரண்டு வாரத்துக்குள் வான்சண்டையில் பத்து வெற்றிகள், ஜூலை 22 அன்று மரணம், வயது 19. பின்னாளில் இந்திய விமானப்படையின் முதல் இந்தியத் தளபதியான சுப்ரதோ முகர்ஜி அவருடைய உறவினர். இன்னும் இருவர்: வெலிங்கர் போரில் இறந்தார், எரல் சென் ஜெர்மானியரிடம் கைதியானார். ஹெண்டனில் அந்த எஸ்.இ.5ஏ முன் கூட்டம் சேராது, எல்லோரும் கேமலுக்குத்தான் ஓடுகிறார்கள். நீங்கள் நின்று பாருங்கள்.

கேள்வி: ரெட் பாரனின் சிவப்பு மூவிறக்கை விமானம் அங்கே இருக்கிறதா?

எங்கேயும் இல்லை. ரெட் பாரன் என்பது ஜெர்மன் போர் விமானி ரிக்ட்ஹோஃபனின் பட்டப்பெயர். அவர் ஓட்டிய ஒன்று பெர்லினில் காட்சிக்கு இருந்தது, இரண்டாம் போரில் குண்டுவீச்சில் அழிந்தது. அந்த ரகத்தின் பெயர் ஃபாக்கர் டி.ஆர்.1, அதில் அசல் ஒன்றுகூட மிஞ்சவில்லை. எங்கே பார்த்தாலும் அது புதிதாகக் கட்டியதுதான்.

கேள்வி: நிற்பதைப் பார்த்தால் போதாது, பறப்பதைப் பார்க்கணும். எங்கே போகலாம்?

இங்கிலாந்தில் ஓல்டு வார்டன் கிராமத்தில் உள்ள ஷட்டில்வர்த் கலெக்ஷன் என்ற பழைய விமானத் தொகுப்பு. 1909ஆம் ஆண்டுப் பிரெஞ்சு விமானமான பிளேரியோ இன்னும் அங்கே பறக்கிறது, காற்று அடங்கிய மாலையில் மட்டும், தரையை விட்டுச் சற்றே எழும்பி. அங்கிருக்கும் ட்ரிப்ளேன் புதிதாகக் கட்டியது, ஆனால் அதைப் பார்த்த தாமஸ் சோப்வித் (சோப்வித் விமானங்களைத் தயாரித்தவர்), இது நகல் இல்லை, கொஞ்சம் தாமதமாக வந்த என் தயாரிப்பு என்று சொல்லிவிட்டார். பறக்கும் நாட்களை முன்கூட்டியே அறிவிப்பார்கள், வானிலை கெட்டால் ரத்து.

கேள்வி: ஹெண்டனுக்கு டிக்கெட் எவ்வளவு, எப்படிப் போவது?

நுழைவு இலவசம். லண்டன் சுரங்க ரயிலின் நார்தர்ன் லைனில் காலின்டேல் நிலையத்தில் இறங்கி நடந்தே போய்விடலாம். முதல் போர்க் கூடத்தைக் காலையிலேயே பார்த்துவிடுங்கள், மற்ற ஹேங்கர்களை முடித்துவிட்டு வந்தால் கால் ஓய்ந்திருக்கும், பலகைகளைப் படிக்கப் பொறுமை இருக்காது.