கனடா மாப்பிள்ளைக்குப் பெண் கொடுத்தால் பிஆர் யார் கையில் இருக்கும்?

தங்கைக்குக் கனடாவில் வேலை பார்க்கும் அத்தை மகனைப் பேசி முடித்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். கணவர் பொறுப்பேற்று அழைக்கும் ஸ்பான்சரில் போனால் பிஆர், அதாவது அங்கே நிரந்தரமாகக் குடியிருக்கும் உரிமை, எப்படிக் கிடைக்கும், நாளை மனத்தாங்கல் வந்தால் மாப்பிள்ளை அதை ரத்து செய்ய முடியுமா, பின்னால் அம்மாவையும் உங்களையும் அவள் அழைத்துக்கொள்ளலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். நடுவில் இருக்கும் கேள்விக்காகத்தான் எழுதுகிறேன். பெண் வீட்டார் அதை வாய்விட்டுக் கேட்கக் கூச்சப்படுவார்கள். நீங்கள் கேட்டது நல்லது, தம்பி.

பிஆர் கிடைக்கும் நாள் வரைக்கும் மாப்பிள்ளை தன் ஸ்பான்சர் விண்ணப்பத்தைத் திரும்பப் பெறலாம். அது உண்மை, மறைக்க மாட்டேன். கிடைத்துவிட்டால் அது உங்கள் தங்கையுடையது. மாப்பிள்ளையோ அவர் வீட்டாரோ ஒரு கடிதம் எழுதி அதைப் பறிக்க முடியாது. 2012 அக்டோபரிலிருந்து 2017 ஏப்ரல் வரை புதிதாக மணமானவர்களில் பலருக்கு ஒரு நிபந்தனை இருந்தது. ஸ்பான்சர் செய்தவரோடு இரண்டு ஆண்டு சேர்ந்து வாழ வேண்டும், இல்லாவிட்டால் பிஆர் போய்விடும். பெண்கள் அடி உதையைப் பொறுத்துக்கொண்டு அந்த வீட்டிலேயே கிடக்கிறார்கள் என்ற எதிர்ப்பு எழுந்த பிறகு அந்த நிபந்தனையை எடுத்துவிட்டார்கள். நம் பக்கத்தில் இன்னும் அதைச் சொல்லித்தான் பெண்களை மிரட்டுகிறார்கள்.

நான் காவேரிப்பட்டணத்தில் உரக்கடை வைத்திருப்பவன். என் அக்காள் வீட்டுக்காரர் சின்ன வயதிலேயே காலமாகிவிட்டார். அதனால் அக்காள் மகளின் கல்யாணம் தாய்மாமனாகிய என் தலையில் வந்தது. அந்தப் பொறுப்பை நான் பெருமையாகத்தான் ஏற்றேன். மாப்பிள்ளை வீடு பாலக்கோட்டுப் பக்கம், பையன் டொரண்டோவுக்கு அருகில் வேலையில் இருந்தான், பிஆர் வாங்கியவன். கல்யாணம் முடிந்த கையோடு சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்தோம். 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி தமிழ்நாட்டில் எல்லாத் திருமணங்களையும் பதிவு செய்ய வேண்டும், 90 நாளுக்குள் செய்துவிட்டால் தாமதக் கட்டணம் இல்லை. கனடாக்காரர்கள் முதலில் கேட்பது அந்தச் சான்றிதழைத்தான்.

ஏஜென்ட் யாரையும் நான் வைக்கவில்லை. படிவங்களை அவளும் நானும் கடையில் உட்கார்ந்து படித்துப் படித்து நிரப்பினோம். பெண் பிறந்தது பர்கூரில். பிறப்புச் சான்றிதழில் தருமபுரி மாவட்டம் என்று இருக்கும், பாஸ்போர்ட்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் என்று இருக்கும். 2004 பிப்ரவரியில்தானே நம் மாவட்டத்தைப் பிரித்தார்கள். ஊர் ஒன்றுதான், மாவட்டம்தான் மாறியது என்று ஒரு விளக்கக் கடிதம் எழுதி வைத்தோம். பள்ளிச் சான்றிதழில் இனிஷியல், பாஸ்போர்ட்டில் அப்பாவின் முழுப்பெயர். அதற்கும் ஒரு கடிதம். அங்கே உட்கார்ந்து கோப்பைப் பார்க்கும் அதிகாரிக்கு நம் பெயர் வைக்கும் முறை தெரிந்திருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கக் கூடாது.

கைரேகைக்கும் மருத்துவப் பரிசோதனைக்கும் பெங்களூரு போனோம். இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லாமல் போக எனக்கு மனம் வரவில்லை. கிருஷ்ணகிரி ஒரு மாவட்டத் தலைநகரம். இந்த ஊருக்கு இன்றுவரை ரயில் இல்லை. வெள்ளைக்காரன் காலத்தில் திருப்பத்தூரிலிருந்து இங்கே சின்ன ரயில் ஓடியது, இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் தண்டவாளத்தையும் பிடுங்கிக்கொண்டு போனார்கள். ஒவ்வொரு தேர்தலுக்கும் ரயில் வரும் என்று சொல்லி ஓட்டு வாங்குகிறார்கள். மாம்பழக் காலத்தில் லாரிகள் வரிசை கட்டி நிற்கும் நெடுஞ்சாலையில், காய்ச்சலோடு இருந்த பெண்ணைப் பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போன எனக்கு அந்தக் கோபம் அடங்கவே இல்லை. கேட்ட கேள்விக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்பீர்கள். எழுதத்தான் வேண்டும்.

விண்ணப்பம் பாதி வழியில் இருக்கும்போது மாப்பிள்ளையின் தாயார் பேச்சை மாற்றினார். அக்காவுக்குப் போச்சம்பள்ளிப் பக்கம் ஒரு மாந்தோப்பு இருக்கிறது. அதைப் பையன் பெயருக்கு எழுதி வைத்தால்தான் காகிதம் மேலே நகரும், இல்லையென்றால் ஸ்பான்சரை வாபஸ் வாங்கிவிடுவான் என்று சொல்லி அனுப்பினார். கனடாவின் குடிவரவுத் துறையிலிருந்து கடிதம் வந்திருக்கிறதா என்று எங்களால் பார்க்கக்கூட முடியவில்லை. பெண்ணின் படிவத்தில் மாப்பிள்ளை, நாங்கள் அனுப்பிய பிறகு, தன் மின்னஞ்சலைப் போட்டிருந்தான். அவளுக்கு வரவேண்டிய ஒவ்வொரு கடிதமும் அவனுக்குப் போய்க்கொண்டிருந்தது. அவள் தன் மின்னஞ்சலுக்கு மாற்றச் சொல்லித் துறைக்கு எழுதினாள், மாற்றினார்கள். உங்கள் தங்கை விஷயத்தில் இதை முதல் நாளே பார்த்துக்கொள்ளுங்கள். அவள் படிவம், அவள் மின்னஞ்சல், கடவுச்சொல் அவளுக்கு மட்டும்.

ஊர்ப் பெரியவர்களை அழைத்துக்கொண்டு பாலக்கோட்டுக்குப் போனேன். "உங்கள் மகன் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த வாக்கு எங்களுக்கா, கனடா அரசாங்கத்துக்கா?" என்று கேட்டேன். மனைவியை ஸ்பான்சர் செய்கிறவர், அவள் பிஆர் ஆன நாளிலிருந்து மூன்று ஆண்டுகளுக்கு அவளுடைய அடிப்படைத் தேவைகளுக்குத் தான் பொறுப்பு என்று அரசுக்கு எழுதிக் கொடுக்கிறார். கியூபெக் மாகாணத்துக்கு மட்டும் நடைமுறை வேறு. அந்தக் காலத்துக்குள் அவள் அரசின் சமூக உதவிப் பணம் வாங்கினால் அவர்தான் திருப்பிக் கட்ட வேண்டும். பிரிந்தாலும், விவாகரத்தே ஆனாலும் அந்த வாக்கு போகாது. இதையெல்லாம் அச்சடித்த காகிதத்தோடு வைத்துப் பேசினேன். 1961ஆம் ஆண்டு வரதட்சணைத் தடைச் சட்டப்படி கேட்பதே குற்றம் என்பதையும் சொன்னேன். அந்த அம்மாள் எழுந்து உள்ளே போய்விட்டார். தோப்புப் பேச்சு அதோடு நின்றது.

அவள் போய்ச் சேர்ந்தாள். பிஆர் கார்டு தபாலில் வந்ததும் அவன் வாங்கி பாஸ்போர்ட்டோடு சேர்த்து அலமாரியில் வைத்துப் பூட்டினான். பிறகு ஒரு நாள் அதிகாலையில் எனக்குப் போன் வந்தது. டிக்கெட் போட்டு ஊருக்கு அனுப்பிவிடுவேன், பிஆரை ரத்து செய்யச் சொல்லிவிடுவேன் என்று அவன் சொன்னானாம். அழுதுகொண்டே, "மாமா, அவர் அப்படிச் செய்ய முடியுமா?" என்றாள். முடியாது, கண்ணு, என்றேன். கார்டு என்பது அடையாளம் மட்டும்தான், உன் உரிமை அரசின் பதிவில் இருக்கிறது, கார்டு காலாவதியானாலும் தொலைந்தாலும் அந்த உரிமை போகாது, உன்னுடைய பிஆர் உறுதிச் சான்றின் நகல் என் பெட்டியில் இருக்கிறது என்றேன். மறுவாரம் அவள் தோழி வீட்டுக்குப் போய்விட்டாள். இன்று முதியோர் இல்லம் ஒன்றில் வேலை பார்க்கிறாள். அரசிடம் ஒரு டாலர் உதவி வாங்கவில்லை. அக்காவுக்கு மாதாமாதம் பணம் அனுப்புகிறாள். அவர்கள் இருவரும் இனி என்ன முடிவெடுப்பார்கள் என்பது அவர்கள் விஷயம்.

இதைப் படித்துவிட்டு, பெண்களுக்குப் பிரிந்துபோகக் கற்றுக்கொடுக்கிறான் என்று யாராவது எழுதுவார்கள். தன் பெண்ணை ஒப்படைத்துவிட்டு இரவெல்லாம் விழித்திருந்த யாரும் அப்படி எழுத மாட்டார்கள். நல்ல மாப்பிள்ளைகள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள், என் கடைக்கு வருகிறவர்களின் மருமகன்களிலேயே இருக்கிறார்கள். இன்னொன்றும் சொல்ல வேண்டும், நான் ஒரு பக்கமாகப் பேசுகிறேன் என்று ஆகிவிடக் கூடாது. பிஆருக்காகவே செய்த பொய்க் கல்யாணம் என்றாலோ, விண்ணப்பத்தில் பொய் சொல்லியிருந்தாலோ பிஆரைப் பறிக்க முடியும். உண்மையாக நடந்த கல்யாணம் பிறகு முறிந்தால் அதற்காகப் பறிப்பதில்லை. நான் வழக்கறிஞன் இல்லை. கண்ணால் பார்த்ததையும் துறையின் விதிகளில் படித்ததையும்தான் எழுதுகிறேன்.

அத்தை மகன் என்பதால் தயங்க வேண்டாம். கனடா சட்டம் தடுப்பது பெற்றோர், பிள்ளை, பேரப்பிள்ளை என்ற நேர்வழி உறவையும் உடன்பிறந்தவர்களையும்தான். ஆனால் கல்யாணம் உண்மையானது என்று காட்ட நிச்சயதார்த்தம் முதல் தாலி கட்டியது வரை புகைப்படங்களும், இருவரும் பேசிக்கொண்ட வாட்ஸ்அப் பதிவுகளும் வேண்டும். சொந்தம்தானே, எல்லோருக்கும் தெரியும் என்று விட்டுவிடாதீர்கள். மனைவியை அழைக்க இவ்வளவு வருமானம் இருந்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் பெரும்பாலோருக்கு இல்லை. சுற்றுலா விசாவில் போய் அங்கிருந்தே விண்ணப்பிக்கலாம் என்று யாராவது யோசனை சொன்னால் ஒன்றை நினைவில் வையுங்கள். வெளிநாட்டிலிருந்து விண்ணப்பித்து மறுத்தால் ஸ்பான்சர் செய்தவர் மேல்முறையீடு செய்யலாம். உள்நாட்டுப் பிரிவில் விண்ணப்பித்தால் அந்த உரிமை இல்லை. பிஆர் ஆன பிறகு ஐந்தாண்டுக்குள் 730 நாட்கள் அவள் அங்கே இருந்தாக வேண்டும். பிரசவத்துக்கு அம்மா வீடு என்று வந்து ஆண்டுக்கணக்கில் தங்கிவிடும் பெண்கள் இதைக் கணக்கில் கொள்ள வேண்டும்.

அம்மாவை அழைப்பது பற்றி அதிகம் நம்பிக்கை தர மாட்டேன். பெற்றோருக்கான திட்டத்தில் 20 ஆண்டு பொறுப்பு எழுதிக் கொடுக்க வேண்டும், மூன்று ஆண்டு வருமானம் காட்ட வேண்டும், அதற்கும் மேல் விண்ணப்பிக்கச் சொல்லி அரசிடமிருந்து அழைப்புக் கடிதம் வர வேண்டும். 2020இல் விருப்பம் தெரிவித்துப் பெயர் கொடுத்தவர்களிலிருந்தே பிந்தைய ஆண்டுகளிலும் அழைத்தார்கள். அதைவிட, பெற்றோர் வந்து நீண்ட நாள் தங்கிப் போவதற்கான சூப்பர் விசா நடைமுறையில் உதவும். 2022 ஜூலை முதல் ஒரே முறையில் ஐந்தாண்டு வரை தங்கலாம், குறைந்தது ஒரு லட்சம் டாலர் மருத்துவக் காப்பீடு வேண்டும். உங்களை அவள் ஸ்பான்சர் செய்ய முடியாது, தம்பி. உடன்பிறந்தவர்களுக்கு அந்த வழி மிக அரிதான நிலைமைகளில்தான் திறக்கும். அந்த எண்ணத்தில் இந்தச் சம்பந்தத்தை முடிக்காதீர்கள்.

நிச்சயத்துக்கு முன்பே மாப்பிள்ளையிடம் நேராகக் கேளுங்கள். வேலை விசாவில் இருக்கிறாரா, பிஆர் வாங்கியவரா? கார்டைக் காட்டச் சொல்லுங்கள், பிஆர் என்றால் அவர் கனடாவில் குடியிருக்கவும் வேண்டும். முன்பு யாரையாவது மனைவியாக ஸ்பான்சர் செய்து அந்த மூன்று ஆண்டு முடியாமல் இருக்கிறதா? அவரே ஒருத்தியின் கணவராக ஸ்பான்சரில் போனவர் என்றால், பிஆர் ஆகி ஐந்தாண்டு முடியும்வரை புது மனைவியை அழைக்க முடியாது. இன்னும் பிஆர் வராமல் விண்ணப்பம் நிலுவையில் இருக்கிறது என்றால் மிகவும் கவனமாக இருங்கள். இடையில் இங்கே ரகசியமாகப் பதிவுத் திருமணம் செய்துவிட்டு, அங்கே மணமாகாதவராகவே போய் பிஆர் வாங்கினால், மறைத்த மனைவியைக் குடும்பப் பிரிவில் பிறகு ஸ்பான்சர் செய்ய முடியாமல் போகும். தருமபுரிப் பக்கத்தில் ஒரு குடும்பம் இதில் மாட்டிக்கொண்டு இன்றும் அல்லாடுகிறது. உங்கள் கேள்வியில் அவர் வேலை பார்க்கிறார் என்று மட்டும்தான் இருக்கிறது, பிஆர் இருக்கிறதா என்று இல்லை. அதைக் கேட்டுவிட்டு இங்கேயே எழுதுங்கள், எந்த வரிசையில் காகிதம் சேர்க்க வேண்டும் என்று சொல்கிறேன்.