இலையுதிர் காலத்துல மனசு டல்லாகுது, இப்ப புது பழக்கம் ஆரம்பிக்கலாமா?

தாராளமா ஆரம்பிக்கலாம், ஆனா முதல்ல இந்த சோர்வு சோம்பேறித்தனம் இல்லன்னு புரிஞ்சுக்கோங்க. பகல் நேரம் சுருங்க சுருங்க உடம்போட உள்கடிகாரம் தடுமாறும், தூக்கம் வரவைக்கிற மெலடோனின் சுரக்குற நேரமும் மாறலாம், அதான் காலைல எழுந்துக்கவே பிடிக்காது. அதனால எழுந்த ஒரு மணி நேரத்துக்குள்ள வெளிய போய் அரை மணி நேரம் நடங்க, மேகமா இருந்தாலும் வெளிய இருக்கிற வெளிச்சம் வீட்டு லைட்ட விட பல மடங்கு அதிகம். என்னைக் கேட்டா இதுதான் முதல் வேலை, டயட் ஜிம்மெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்.

மாற்றம்னா புதுசா சேக்குறது மட்டும் இல்லைங்க, விடுறதும்தான். மரம்கூட நைட்ரஜன் மாதிரி சத்த உள்ள இழுத்து வச்சுக்கிட்டுதான் இலைய உதிர்க்கும், நீங்களும் உங்களுக்கு தெம்பு தர்ற ஆளுங்களையும் வேலையையும் பிடிச்சு வச்சுக்கிட்டு, ராத்திரி போன் நோண்டுறது, பிடிக்காம ஒத்துக்கிட்ட பொறுப்புன்னு ஒவ்வொண்ணா கழட்டி விடுங்க, ஒரே நாள்ல எல்லாத்தையும் மாத்த வேண்டாம்.

ரெண்டு வாரத்துக்கு மேல எதுலயும் ஆர்வமே இல்ல, தூக்கம் பசியெல்லாம் மாறிடுச்சுன்னா தயவுசெஞ்சு டாக்டர பாருங்க. பருவகால மனச்சோர்வுன்னு 1984லயே விவரிச்சிருக்காங்க, 10,000 லக்ஸ் (வெளிச்சத்த அளக்குற அலகு) பிரகாசமுள்ள விளக்கு, கவுன்சிலிங், மாத்திரைன்னு அதுக்கு நல்ல சிகிச்சை இருக்கு. கண் பிரச்சினையோ பைபோலாரோ (மனநிலை அதீத உற்சாகத்துக்கும் சோர்வுக்கும் மாறி மாறி போற நோய்) இருந்தா மட்டும் டாக்டர கேக்காம அந்த விளக்க வாங்கிடாதீங்க.