சிபி-சாட்டில் பெருக்கல், வகுத்தல், சைன்: வாசகர் கேள்விகள்

கே: கூகுளின் ஓஆர்-டூல்ஸ் தொகுப்பில், நிபந்தனைகளுக்கு ஏற்ற விடை தேடித் தரும் தீர்வியான சிபி-சாட்டில் ‘நீளம் * அகலம் == பரப்பு’ என்று பைத்தானில் எழுதினால் பிழை வருகிறதே?

ப: மாறியை மாறிலியால் பெருக்கலாம், இரண்டு மாறிகளை நட்சத்திரக் குறியால் பெருக்க முடியாது. பரப்புக்குத் தனி மாறி அறிவித்து, ஆட்-மல்டிப்ளிகேஷன்-ஈக்வாலிட்டி என்ற கட்டளையில் முதலில் அதையும், அடுத்து நீளம், அகலம் இரண்டையும் பட்டியலாகவும் கொடுங்கள். வர்க்கம் வேண்டுமென்றால் பட்டியலில் ஒரே மாறி இரண்டு முறை. ஒன்று 0/1 மாறியாக இருந்தால் பெருக்கலே வேண்டாம். அது 1 என்றால் விடை மற்ற மாறிக்குச் சமம், 0 என்றால் விடை 0. ஒன்லி-என்ஃபோர்ஸ்-இஃப் (சொன்ன நிலையில் மட்டும் விதி பொருந்தும் என்பது) போட்டு இரண்டே வரி.

கே: எழுதியாயிற்று. ஆனால் ‘மாடல் இன்வாலிட்’ (மாதிரி செல்லாது) என்கிறது.

ப: எல்லை தெரியாத மாறிக்கெல்லாம் 10¹⁰ என்று மேல் எல்லை கொடுத்திருப்பீர்கள். பெருக்கினால் 10²⁰, 64-பிட் முழு எண் தாங்குவது சுமார் 9.22 × 10¹⁸ வரைதான். எல்லையைச் சுருக்குங்கள்.

கே: எல்லை சரிதான், ஆனாலும் மணிக்கணக்கில் ஓடுகிறது. விடை கிடைத்த பிறகும் ‘பவுண்ட்’ (இதைவிட நல்ல விடை இருக்க முடியாது என்று தீர்வி காட்டும் வரம்பு) நகரவே இல்லை.

ப: இதுவும் எல்லைச் சிக்கல்தான். பெருக்கலை நேரடியாகக் கையாள முடியாத நேர்கோட்டுத் தளர்வு (பவுண்டைக் கண்டுபிடிக்கக் கணக்கை நேர்கோட்டு விதிகளாக எளிதாக்கிய வடிவம்), மெக்கார்மிக் சமனின்மைகளால் (பெருக்கற்பலனுக்கு மேலும் கீழும் நேர்கோட்டு வரம்பு வைக்கும் விதிகள்) அதைச் சுற்றி வேலி போடுகிறது. வேலியின் அகலம் மாறிகளின் எல்லையைப் பொறுத்தது. நீளமும் அகலமும் 0–100 என்றால், இரண்டும் 50 ஆக இருக்கும் இடத்தில் பரப்பு 0 முதல் 5000 வரை எதுவாகவும் இருக்கலாம் என்றே தளர்வு நம்பும். உண்மை 2500. எல்லையை 40–60 ஆக்கிப் பாருங்கள்: அதே இடத்தில் 2400–2600. வொர்க்கர் (ஒரே நேரத்தில் இணையாகத் தேடுபவை) எண்ணிக்கையைக் கூட்டிப் பார்ப்பதற்கு முன் இதைச் செய்யுங்கள். குறைந்தபட்சப் பரப்பு, மொத்தச் செலவு என்று கணக்கிலேயே இருக்கும் தகவல்களிலிருந்து எல்லைகளைக் கையால் வருவித்துக் கொடுக்கலாம்.

கே: தசம எண்கள், சைன் எல்லாம் எப்படி?

ப: சிபி-சாட்டுக்கு முழு எண் மட்டுமே தெரியும். 2.50 மீட்டரை 250 என்று கொடுங்கள். பலர் தடுக்கி விழுவது அடுத்த படியில்: நீளம் 100 மடங்கு என்றால் பரப்பு 10,000 மடங்கு. 12 சதுர மீட்டர் என்பது 1200 அல்ல, 1,20,000.

சைனுக்கு 0 முதல் 359 பாகை வரை 1000 மடங்காக்கி முழுமையாக்கிய 360 மதிப்புகளின் பட்டியல் போதும்; 30 பாகைக்கு 500. பட்டியலிலிருந்து மதிப்பை எடுக்கும் ஆட்-எலிமென்ட்டில் பாகைதான் இண்டெக்ஸ் (வரிசை எண்). முழுமையாக்கிய மதிப்புகளைப் பெருக்கிவிட்டுச் சரிசமம் கேட்டால் பெரும்பாலும் தீர்வே இல்லை என்றுதான் வரும். மேலும் கீழும் சிறு இடைவெளி விடுங்கள். மாறிகளில் பெரும்பாலானவை தொடர் மதிப்புகள் என்றால் இந்தப் பாடே வேண்டாம், தொடர் மாறிகளையும் கையாளும் எஸ்சிஐபி என்ற தீர்விக்குப் போய்விடுங்கள்.

கே: சிபி-சாட்டில் −7 ஐ 2 ஆல் வகுத்தால் −3 வருகிறது. பைத்தான் −4 என்கிறதே?

ப: வகுத்தலுக்கான ஆட்-டிவிஷன்-ஈக்வாலிட்டி பூஜ்யத்தை நோக்கி வெட்டும், பைத்தானின் இரட்டைச் சாய்கோடு (//) கீழ்நோக்கி இறக்கும். வகுக்கும் மாறியின் எல்லைக்குள் 0 வராமலும் பார்த்துக்கொள்ளுங்கள்.