முன் வரிசை நாற்காலிகள்

மதிப்பிற்குரிய ஐயா,

என் மகள் கோலாலம்பூரில் ஒரு தன்னார்வ ஆர்கெஸ்ட்ராவில் இரண்டாம் வயலின் வாசிக்கிறாள். மண்டப வாடகை கட்டவே குழு திண்டாடுகிறது. நம் தொழிலதிபர்களிடம் நன்கொடை கேட்டால், "வெள்ளைக்காரன் சங்கீதம், நமக்கென்ன?" என்கிறார்கள். எப்படிப் புரியவைப்பது? நீங்கள் ஒரு பரிந்துரைக் கடிதம் தர முடியுமா? ஞாயிறுதோறும் ஒத்திகை முடியும்வரை எதிரே மாமாக் கடையில், அதாவது தமிழ் முஸ்லிம் உணவுக் கடையில், உட்கார்ந்து இதையேதான் யோசிக்கிறேன்.

ஒரு தந்தை, செந்தூல்

அன்புள்ள நண்பருக்கு,

வெள்ளைக்காரன் சங்கீதம் என்பவரிடம் வாதாடாதீர்கள். முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி காலத்திலேயே வயலின் நம்முடையதாகிவிட்டது. அது அவருக்கும் தெரியும். பணம் தர மனமில்லை, அவ்வளவுதான்.

என்னை உறுத்தியது அந்த மாமாக் கடை. மகள் உள்ளே வாசிக்கிறாள், அப்பா வெளியே தே தாரிக் டீ குடிக்கிறார்! ஒரு நாளாவது உள்ளே போய் உட்கார்ந்தீர்களா? கச்சேரிக்காவது போகிறீர்களா? போனாலும் குடும்பத்தாருக்குத் தரும் இலவச டிக்கெட்டில்தான் போவீர்கள். கோபித்துக்கொள்ளாதீர்கள், மகளை ஞாயிறுதோறும் அழைத்துப்போகும் அப்பாக்கள் நம்மிடையே குறைவு. ஆனால் இந்த இலவச டிக்கெட்டைப் பற்றி வெகுநாளாக எழுத நினைத்திருந்தேன்.

பிரிக்பீல்ட்சில் நாங்கள் சிலர் சேர்ந்து ஒரு நாதஸ்வரக் கச்சேரி வைத்தோம். முன் வரிசை முழுக்க நன்கொடையாளருக்கு. பெரிய தொகை தந்தவர் பரிவாரத்தோடு தாமதமாக வந்தார், பொன்னாடை வாங்கினார், அரை மணி நேரம் பேசினார். தோடி தொடங்குவதற்குள் அந்த வரிசையே காலி. கடைசி வரிசையில் ஐந்து வெள்ளி கொடுத்து டிக்கெட் வாங்கிய ஒரு லாரி ஓட்டுநர் மட்டும் எழுந்து போய் மைக்காரரிடம் சண்டை போட்டார்: "தவிலைக் குறையுங்கள், நாயனம் காதில் விழவில்லை, காசு கொடுத்து வந்திருக்கிறேன்!" தவில் குறைந்தது. இலவசமாக வந்தவர் எவரும் அப்படிச் சண்டை போட்டு நான் பார்த்ததில்லை. குறை சொல்லும் உரிமை இருப்பதாக அவருக்குத் தோன்றாது, கைதட்டிவிட்டுப் போய்விடுவார். அந்தக் கைதட்டலை நம்பித்தான் பல குழுக்கள் சுதி சேராமலே ஆண்டுக்கணக்கில் வாசிக்கின்றன.

டிக்கெட் பணத்தில் மட்டும் ஆர்கெஸ்ட்ரா பிழைக்காது என்பது எனக்கும் தெரியும். 1966இல் அமெரிக்கப் பொருளியலாளர்கள் பாமோலும் போவனும் காரணத்தை விளக்கிவிட்டார்கள். ஆலையில் பத்துப் பேர் வேலையை ஓர் இயந்திரம் செய்துவிடும். 1808இல் அரங்கேறிய பீத்தோவனின் ஐந்தாம் சிம்பொனிக்கோ அன்று எத்தனை பேர் தேவையோ, ஏறக்குறைய அத்தனை பேர் இன்றும் தேவை. சம்பளம் மட்டும் ஏறிக்கொண்டே போகும். நம் மலேசிய பில்ஹார்மோனிக் ஆர்கெஸ்ட்ரா 1998இல் மேடையேறியதே பெட்ரோனாஸ் எண்ணெய் நிறுவனம் கொடுத்த பணத்தில்தான். உங்கள் மகளின் குழுவில் சம்பளப் பேச்சே இல்லை; வாடகை உண்டு, இசைத்தாள் செலவு உண்டு, டிம்பனி என்னும் பெரிய முரசுகளை ஏற்றி இறக்கும் லாரிக் கூலி உண்டு. அங்கே விற்கும் ஒவ்வொரு டிக்கெட்டும் கணக்கில் தெரியும்.

பரிந்துரைக் கடிதம் எழுதித் தருகிறேன், முன் வரிசை வாக்குறுதி எதுவும் அதில் இருக்காது. நீங்கள் ஒத்திகைக்குள் போங்கள். இரண்டாம் வயலின் பெரும்பாலும் மெட்டுக்கு அடியில் ஓடும். மகளின் வாசிப்பைப் பிரித்துக் கேட்கக் காது பழக வேண்டும். கச்சேரித் தேதி முடிவானதும் எழுதுங்கள். எனக்கும் என் மனைவிக்கும் இரண்டு டிக்கெட் வேண்டும், விலையையும் மறக்காமல் குறிப்பிடுங்கள்.