மானேவின் படங்களை டெகா விடவில்லை

கேள்வி: ஒருவர் வீட்டில் சேர்த்து வைத்திருக்கும் ஓவியங்களைப் பார்த்தே அவருக்கு யார்மேல் பாசம், யாரோடு சண்டை என்று சொல்லிவிடலாம் என்கிறாள் என் தங்கை. முடியுமா?
- ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: தாராளமாக முடியும், நான் உங்கள் தங்கை கட்சி. பாலே ஆடும் பெண்களை வரைந்தாரே பாரிஸ் ஓவியர் எட்கர் டெகா, அவர் வீட்டுச் சுவரே சாட்சி. அவருடைய சிநேகிதர் எதுவார் மானே. மனைவி சுசான் பியானோ வாசிக்க, மானே சோபாவில் சாய்ந்து கேட்பதுபோல் 1860களின் கடைசியில் ஒரு படம் வரைந்து மானேவுக்கே கொடுத்தார் டெகா. அப்புறம் ஒருநாள் அங்கே போனால் படத்தில் பியானோவும் இல்லை, சுசானின் முகமும் இல்லை. மானே மேலிருந்து கீழாக வெட்டியிருந்தார்! கல்யாண போட்டோவில் ஒருவரை மட்டும் கத்தரித்திருந்தால் வயிறு எரியுமே, அதேதான். டெகா போய்வருகிறேன் என்றுகூடச் சொல்லாமல் படத்தைக் கையோடு எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார், மானே தனக்குக் கொடுத்திருந்த சின்னப் பழ ஓவியத்தையும் கழற்றித் திருப்பி அனுப்பிவிட்டார்.

கோபம் என்னவோ சீக்கிரமே ஆறிவிட்டது. ஆனால் அந்தப் பழ ஓவியம் திரும்பக் கிடைக்கவில்லை, அதற்குள் மானே அதை விற்றுவிட்டிருந்தார். வெட்டுப்பட்ட படத்தில் வெற்றுக் கேன்வாஸை ஒட்டி, சுசானை மறுபடி வரைந்து கொடுக்க நினைத்தார் டெகா. வரையவே இல்லை. பல வருடம் கழித்து அவர் வீட்டில் எடுத்த ஒரு போட்டோவில் அந்தப் படம் அப்படியே சுவரில் தொங்குகிறது. இப்போது அது ஜப்பானில், கிடாக்யூஷூ அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

எனக்கு நெஞ்சைத் தொடுவது இதற்கு அடுத்த கதைதான். மெக்சிகோவின் பேரரசர் மாக்சிமிலியனைச் சுட்டுக் கொல்லும் காட்சியை மானே பெரிதாக வரைந்திருந்தார். 1883இல் அவர் இறந்த பிறகு அது துண்டு துண்டாகி, தனித்தனியே விற்கப்பட்டது. தன் படத்தை வெட்டிய அதே மனிதரின் ஓவியத் துண்டுகளை டெகா தேடித் தேடி வாங்கி, ஒரே கேன்வாஸில் அதனதன் இடத்தில் ஒட்ட வைத்தார். டெகா காலமான பின், 1918 ஏலத்தில் லண்டன் நேஷனல் கேலரி அதை வாங்கியது. போனால் பாருங்கள்: நடுவில் பெரிய இடைவெளி, பேரரசரின் உருவமே இல்லை. பக்கத்தில் நிற்கும் தளபதியின் கையைப் பிடித்திருக்கும் அவருடைய கை மட்டும் மிச்சம்.