டயற்றம் (சிலிக்கா ஓடுள்ள, ஒற்றைக்கல நுண்பாசி) பார்ப்பவர்களுக்கு: சில கேள்விகள், பதில்கள்

யாழ்ப்பாணம் பண்ணைக் கடலில் சாதாளை (கடற்புல்) இலையைச் சுரண்டிப் பார்த்தேன். பழுப்பாக நிறைய ஊர்கின்றன, ஆனால் ஓட்டில் கோடு ஒன்றும் தெரியவில்லை. என் நுணுக்குக்காட்டி பழுதா?

பழுதில்லை. உயிருள்ள டயற்றத்தின் பழுப்பு நிறப்பொருள் ஓட்டை மறைக்கிறது. போதாக்குறைக்கு, சிலிக்கா ஓடு தண்ணீருக்குள் மங்கலாகத்தான் தெரியும். ஓட்டை மட்டும் பிரித்தெடுக்க வேண்டும். முதலில் நல்ல தண்ணீரில் பலமுறை கழுவி உப்பைப் போக்குங்கள். நான் ஒருமுறை அவசரப்பட்டு, ஒரு பின்னேரம் முழுக்க உப்புப் படிகத்தைப் படமெடுத்தேன்! அப்புறம் சில துளி வினாகிரி. நம் ஊர் சுண்ணக்கல் பூமி. நுரைப்பது நிற்கும்வரை விடுங்கள். இதைச் செய்யாமல், சிலர் ஓட்டைச் சுத்தமாக்கப் பயன்படுத்தும் சல்பூரிக்கமிலத்துக்கு நேரே போனால் ஜிப்சம் ஊசிகள்தான் மிஞ்சும். திரும்பவும் கழுவிவிட்டு, 30% ஐதரசன் பேரொட்சைட்டில் இளஞ்சூட்டில் சில மணிநேரம். கண்ணாடியும் கையுறையும் அணிந்து, திறந்த பாத்திரத்தில், வீட்டுக்கு வெளியே செய்யுங்கள். மூடிய போத்தலில் ஒருபோதும் வேண்டாம், வெடிக்கும். கடைசியாகக் கழுவி, ஒரு துளியைக் கவர்கிளாசில் உலர்த்திப் பாருங்கள். ஒளிமுறிவுச் சுட்டி (ஒளியை வளைக்கும் அளவு) 1.7 அளவுள்ள பிசின் கிடைத்து, அதில் பதித்தால் ஓடு இன்னும் தெளிவாகத் தெரியும்.

ஒரே துளியில் ஓடம் போலவும் பெட்டி போலவும் தெரிகின்றன. இரண்டு இனமா?

பெரும்பாலும் ஒன்றேதான். சோப்புப் பெட்டியை மேலிருந்தும் பக்கவாட்டிலும் பார்ப்பது போல. கவர்கிளாசை ஊசியால் மெல்லத் தட்டினால் உருளும்.

படம் அனுப்புகிறேன், பெயர் சொல்வீர்களா?

அளவுகோல் இல்லாத படத்துக்குப் பேரினம்வரை சொல்லலாம், அதற்கு மேல் ஊகம்தான். நீளம், அகலம், 10 மைக்ரோமீற்றருக்குள் எத்தனை கோடு என்று எண்ணுங்கள். ஓட்டில் நீளவாக்கில் உள்ள பிளவு நடுவில் ஓடுகிறதா (நவிக்குலா போல), ஓரத்திலா (நிட்சியா போல)? போனில் பெரிதாக்கினால் அளவு மாறிவிடும். ஆகவே அளவுகோல் பொறித்த வழுக்கியையும் அதே நிலையில் ஒரு படம் எடுங்கள்.

100 மடங்கு எண்ணெய்ப் பொருளியிலும் (மாதிரிக்கு அருகே இருக்கும் வில்லை) சில ஓடு வெறுமையாகத் தெரிகிறதே?

1.25 துளை எண்ணுள்ள (NA, நுண்விவரம் பிரிக்கும் திறனின் அளவு) பொருளி பச்சை ஒளியில் ஏறத்தாழ 0.22 மைக்ரோமீற்றர்வரைதான் பிரிக்கும். பிளியூரோசிக்மா அங்கியுலாற்றம் என்ற டயற்ற இனத்தின் கோட்டு இடைவெளி அரை மைக்ரோமீற்றர் அளவு, அது எளிது. அம்பிபிளியூரா பெலூசிடா என்ற இனத்தின் இடைவெளி கால் மைக்ரோமீற்றர்தான், அது எல்லைக்கு அருகில். மேடைக்குக் கீழே ஒளியைக் கட்டுப்படுத்தும் பிரிமென்றகட்டைத் திறந்து, ஒளியின் ஒரு பக்கத்தைக் காகித அட்டையால் மறைத்துச் சாய்வாக விடுங்கள். நீல ஒளியும் உதவும்.

போனைக் கையில் பிடித்து எடுக்கலாமா?

வேண்டாம், பார்வைத்துண்டோடு பொருத்தும் ஒரு பிடி வாங்குங்கள். ஓடு வளைந்ததால் ஒரே குவியத்தில் முழுதும் தெளியாது. நுண்திருகைச் சிறிது சிறிதாக நகர்த்தி, பத்துப் படம் எடுத்து, மென்பொருளில் ஒரே படமாக அடுக்குங்கள்.